அந்த ஜெபத்தை வாபஸ் வாங்கிவிட்டேன்

அன்புத் தங்கச்சி எஸ்தருக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது, வெட்கம்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எட்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாத அண்ணன், இப்போது எந்த முகத்தோடு எழுதுவது?

முதலில் வீட்டுச் செய்தி. உன் அண்ணிக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. மலைக்கு யாத்திரை போகிற சீசன் முடிந்துவிட்டது, நல்லதண்ணி பஸ்ஸில் மறுபடி உட்கார இடம் கிடைக்கிறது. மழைதான் இந்த முறை விடாமல் பிடித்துக்கொண்டது. உன் குடையை இப்போது நான்தான் பிடித்துப் போகிறேன், பூப்போட்ட குடை என்று பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

எழுத வைத்தது மேல் லயத்து வரிசை வீட்டுக் கிரேஸ். போன மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு நேராக நம் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

“ஐயா, எங்க மக ஷாலினி உயர்தரப் பரீட்சைக்கு பயோ படிக்கணும்னு நிக்கிறா. நீங்க ஒரு வார்த்த வேணாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா.”

“நல்ல பாடந்தானேம்மா?”

“அதுல கூர்ப்புன்னு ஒன்னு வருதாம். ஒரு உசுரு மாறி மாறி இன்னொரு உசுரா வந்துச்சாம். எஸ்தர் டீச்சர் அதப் படிச்சுத்தானே விசுவாசத்த விட்டாங்க? நீங்கதானேய்யா அவங்க கல்லறையில சொன்னீங்க.”

ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன். என் அண்ணனா யோசித்துப் பதில் சொல்கிறேன் என்றான் என்று நீ சிரிப்பாய்.

நடந்தது உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நீ டவுன் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். நான் வாரநாளில் தேயிலைத் தோட்டத்து நர்சரியில் கங்காணி, ஞாயிறு நம் சபையில் உபதேசியார். ஒரு ஞாயிறு பிரசங்கத்தில், மனிதன் குரங்குக்குப் பிறந்தவன் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள் என்று பேசினேன். நீ முன் பெஞ்சில் இருந்தாய். வீட்டுக்கு வந்து அரிசி களைந்துகொண்டே கேட்டாய்.

“குரங்குக்குப் பொறந்தோம்னு யாருண்ணே சொன்னா? குரங்குக்கும் நமக்கும் ஒரே பூட்டன்னுதான் சொல்றேன். பங்காளிங்க.”

“அந்தப் பங்காளி ஒனக்கே இருக்கட்டும்.”

“அவசரமா செஞ்சாத்தான் படைப்பா? நிதானமா செஞ்சா இல்லையா? ஆண்டவருக்கு என்னண்ணே அவசரம்?”

“கடவுளயும் வச்சுக்கிட்டு இதயும் வச்சுக்க முடியாது எஸ்தர். ரெண்டுல ஒன்னச் சொல்லு.”

“நான் ரெண்டையும்தான் வச்சிருக்கேன். நீங்க காலம் பூரா குச்சியத்தானே நட்டீங்க? ஒரு தடவ வெத போட்டுப் பாருங்க. அப்புறம் பேசுவோம்.”

அடுத்த ஞாயிறிலிருந்து நீ சபைக்கு வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. எட்டு மாதம் கழித்து மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், பெட்டியில்தான் திரும்பி வந்தாய். கல்லறையில் நான்தான் ஜெபம் செய்தேன். ‘கர்த்தாவே, இவளுடைய அவிசுவாசத்தை மன்னியும்’ என்றேன். மழையில் நின்ற அத்தனை பேரும் ஆமென் சொன்னார்கள். உன் அண்ணி மட்டும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று உனக்குத் தெரியாது. உன்னைத் தோற்கடிக்கவே நான் விதை போட்டேன். சபைக்குப் பின்னால் வெட்டப்படாமல் மரமாகிப்போன பழைய தேயிலை ஒன்று நிற்கிறதே, அதன் விதைகளைப் பொறுக்கினேன். தண்ணீரில் போட்டு, மிதந்ததை எறிந்துவிட்டு, அமிழ்ந்ததை நாற்பது பைகளில் ஊன்றினேன். ஒரே மரத்தின் விதை, ஒரே மாதிரித்தான் வரும், எதுவும் மாறாது என்று உன்னைக் கூட்டிவந்து காட்டலாம் என்று கணக்குப் போட்டேன். முளை வருவதற்குள் நீ போய்விட்டாய். பிறகு எதற்கு அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினேன் என்று எனக்கே தெரியாது. வீம்பு என்று வைத்துக்கொள்.

கிரேஸ் வந்துபோன மறுநாள் அந்தக் கன்றுகளின் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒன்றுக்கு அகல இலை, ஒன்றுக்கு ஒடுங்கின இலை. ஒன்றின் கொழுந்து செம்பு நிறம், ஒன்று நேராக ஓங்குகிறது, ஒன்று தரையோடு படர்கிறது. இந்த மழையில் கொப்புள நோய் இறங்கிப் பாதிக்கு மேல் கருகிவிட்டது. அதே மழையில், அதே மண்ணில், ஏழெட்டுக் கன்றில் ஒரு புள்ளிகூட இல்லை. அவற்றை நான் தேர்ந்தெடுக்கவில்லை, மருந்தும் அடிக்கவில்லை.

முப்பத்தாறு வருஷம் ஒரே தாய்ச்செடியில் குச்சி வெட்டி, இலைக்கு இலை அச்சாக ஒரே மாதிரிக் கன்று வளர்த்தவன் நான். ஒன்று வேறாகத் தெரிந்தால் மேற்பார்வைக்குக் கண்டாக்கையா வருவதற்குள் பிடுங்கி எறிந்துவிடுவேன். கடவுளையும் அப்படியே நினைத்திருக்கிறேன் எஸ்தர். அவரும் ஒரு நர்சரிக் கங்காணி, ஒவ்வொன்றையும் அளவெடுத்து நட்டுவிட்டுப் போனவர் என்று. அவர் விதை போடுகிறவராக இருந்தால் என்ன? தானே மாறிக்கொள்ளும் வல்லமையை விதைக்குள்ளேயே வைத்துவிட்டு, பொறுமையாகக் காத்திருக்கிறவராக? கண்ணை மூடி ஜெபித்துப் பார்த்தேன். அவர் சிறுத்துப்போகவில்லை. முன்னைவிடப் பெரியவராகத்தான் இருந்தார்.

நாற்பது பையைப் பார்த்துவிட்டு எல்லாம் புரிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். பூட்டன் விஷயம் இன்னும் எனக்குத் தொண்டையில்தான் நிற்கிறது. கருகின கன்றுகளைக் குப்பையில் போடும்போது இன்னொன்றும் கேட்கத் தோன்றியது. பிழைத்தவற்றைக் காட்டி அவருடைய வழி என்கிறோமே, போனவை யாருடைய கணக்கு? ஐம்பது வயதில் நீ ஏன் போனாய்? இதற்கு உன்னிடம் பதில் இருந்ததா, அல்லது நீயும் பதில் தெரியாமல்தான் நம்பினாயா?

உன் அட்டைப் பெட்டியை இரண்டு வருஷமாக யாரும் திறக்கவில்லை. அன்று ராச்சாப்பாட்டுக்கு முன் உன் அண்ணி அதை இழுத்து நடுவீட்டில் வைத்தாள்.

“அந்தப் புள்ளைக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி, ஒங்க தங்கச்சி என்னா எழுதியிருக்கான்னு ஒரு தடவயாச்சும் பாருங்க.”

உன் பாடக்குறிப்புக் கொப்பியை எடுத்தேன். ‘கூர்ப்பு’ என்று சிவப்புக் கோடு போட்ட தலைப்பு. தலைப்புக்கு மேலே, மூலையில், பென்சிலால் ஒரு சின்னச் சிலுவை. எழுத உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பிள்ளையார் சுழி போடுவார்கள், நமக்கு அம்மா சிலுவை போடப் பழக்கியிருந்தார், ஞாபகம் இருக்கிறதா? நான் பத்து வயதிலேயே அதை விட்டுவிட்டேன். பிரசங்கக் குறிப்பில்கூடப் போட்டதில்லை. நீ பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கிறாய். தேதியைப் பார்த்தேன், நீ சபைக்கு வராத அந்த எட்டு மாதங்கள்.

அழுதேன் எஸ்தர். உன் அண்ணி பார்க்கும்படியே அழுதேன். நீ எதையும் விடவில்லை. நான்தான் உன்னை விட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு சபையில் நின்று சொன்னேன்: “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் தங்கச்சி கல்லறையில ஒரு ஜெபம் பண்ணேன். நீங்க எல்லாரும் ஆமென் சொன்னீங்க. அந்த ஜெபம் தப்பு. அவ விசுவாசத்தோடதான் போனா. அவ படிச்சுக் கொடுத்த பாடமும் விசுவாசத்துக்கு விரோதம் இல்ல. மன்னிப்பு வேண்டியது எனக்குத்தான்.”

பின் பெஞ்சில் இருவர் எழுந்து வெளியே போனார்கள். அடுத்த வாரம் பிரசங்கத்துக்கு வேறு ஆள் பார்ப்பார்களோ என்னவோ. பிறகு உன் அண்ணி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, “ஆமென்” என்றாள். இரண்டு வருஷமாக வைத்திருந்த ஆமென் அது.

ஆராதனை முடிந்ததும் கிரேஸ் வாசலில் நின்றிருந்தாள்.

“டீச்சரோட கொப்பி இருக்குன்னு ஒங்க வீட்டம்மா சொன்னாங்க. குடுங்கய்யா, புள்ள வெளிய நிக்கிறா.”

கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தைத் திறந்ததும் அந்தப் பிள்ளை சிலுவையின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். அதை அழித்துவிடாதே என்று மட்டும் சொன்னேன்.

பிழைத்த கன்றுகளில் இரண்டை உன் கல்லறைக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறேன். ஒன்று அகல இலை, ஒன்று ஒடுங்கின இலை. தேயிலையை இடுப்பளவுக்கு மேல் விடாமல் கவ்வாத்து வெட்டியே பழகின கை இது. அந்த இரண்டின் மேல் மட்டும் கத்தி வைக்க மாட்டேன், உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவை இஷ்டத்துக்கு ஓங்கட்டும், பூக்கட்டும், விதை உதிர்க்கட்டும். என்ன வருகிறது என்று ஒவ்வொரு மழைக்கும் வந்து பார்த்து உனக்குச் சொல்கிறேன்.

எழுதி முடித்துப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, இந்தக் கடிதத்தின் மூலையிலும் என்னை அறியாமல் ஒரு சிலுவை போட்டிருக்கிறேன்.

உன்னிடம் தோற்றதில் சந்தோஷப்படும்,
உன் அண்ணன்
சாமுவேல்