ஒத்திகையில் நான் டாக்டரம்மா

பிப்ரவரி 4

நாடாளுமன்ற நிலைக்குழு இருபத்தேழாம் தேதி எங்கள் துறையை விசாரிக்கப் போகிறது. பொருள்: புதிய கவச வண்டி. காலையில் கடிதம் வந்ததிலிருந்து மாடி முழுக்க ஆளாளுக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார்கள். பாதுகாப்புத் துறையில் பயத்தை இப்படித்தான் வெளியே காட்டுவது வழக்கம்.

என் வேலை பதில் எழுதுவது. கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காததற்கு மூச்சு விடக்கூடாது. பொய் எழுதுவதில்லை. குழுவிடம் பொய் சொன்னால் வழக்கு வரும் என்று சட்ட ஆலோசகர் சொல்லியிருக்கிறார். சும்மா இருந்ததற்காக இதுவரை யாரும் உள்ளே போனதில்லை. இரண்டு பேருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது.

பிப்ரவரி 6

தம்பி சாப்பிட வந்தான். அந்தக் கவச வண்டியில் புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் அவன். என் மனைவி, "இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" என்று கேட்டதற்கு, "நாளைக்குக் காலையில அண்ணி, ஆறு மணிக்கு" என்றான். அவள் என்னைப் பார்த்தாள்.

பிறகு கேட்டேன். மழுப்பினான். கடைசியில்தான் சொன்னான்: "வண்டிக்குள்ள இரைச்சல் ஜாஸ்திண்ணா. நவம்பர்ல பசங்க வாந்தி எடுத்து, காது அடைச்சுப்போய், சோதனை ஓட்டத்தையே நிறுத்திட்டாங்க. அப்புறம் மேலேருந்து போன் வந்துது, மறுபடியும் ஓட்டுறோம். முகாம் டாக்டர் சொல்றாரு, இப்படியே போனா ரெண்டு காதும் போயிடுமாம்."

"நீ எறங்கிக்கயேன்."

"எறங்கி? ஆபீஸ்ல உக்காந்து பேப்பர் அடுக்கவா, உன்ன மாதிரி?"

மார்ச் பத்தாம் தேதி புதிய அணி வருகிறதாம். அவர்களோடு நாள் முழுக்க வண்டிக்குள்தான் இருப்பான்.

நவம்பரில் நிறுத்தியது எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும். இரைச்சலால் என்பதும் தெரியும். யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. அந்த இரைச்சலுக்குள் என் தம்பி உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் எனக்குத் தோன்றவே இல்லை. ஏன்?

பிப்ரவரி 11

முதல் ஒத்திகை. விசாரணைக்கு முன்னால் எங்கள் துறையில் இது நடக்கும்: நாங்களே குழு உறுப்பினர்களாக உட்கார்ந்து, அங்கே பதில் சொல்லப் போகும் துறைச் செயலாளரைக் கேள்வி கேட்போம். என் வேடம் எப்போதும் டாக்டரம்மா. கால்நடை மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்த குழு உறுப்பினர். வாய் பேசாத நோயாளிகளை எங்கே அழுத்தினால் துள்ளும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கை. எங்கள் துறை அவருக்குப் புதிய விஷயமே இல்லை.

அவர் கிடுக்கிப்பிடிக்கு முன்னால் குசலம் விசாரிப்பார். நானும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "பசங்க எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்படியே அடுத்ததையும் கேட்டுவிட்டேன்: "சோதனை ஓட்டத்தை எப்பவாவது நிறுத்தினீங்களா?"

சிரிப்பு நின்றது.

செயலாளர் என்னைப் பார்த்தார். "இதை அந்தம்மா கேட்பாங்களா?"

"கேட்டா, சார்?"

"அப்போ பதில் வேணும். நீங்களே எழுதுங்க."

பிப்ரவரி 13

எழுதிவிட்டேன். "படையினரின் செவித்திறனைக் கருத்தில் கொண்டு, முன்னெச்சரிக்கையாக மட்டுமே, நவம்பரில் சோதனை ஓட்டம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, பின்னர் மேலிட ஆலோசனைப்படி தொடரப்பட்டது." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மேலிட ஆலோசனை என்பது, "இன்னுமா ஓட்டல?" என்று தொலைபேசியில் வந்த ஒரு கேள்வி.

அழகான பதில். கேட்டால்தான் சொல்லலாம்.

பிப்ரவரி 17

முந்தாநாள் மனைவி: "அந்தம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்களேன்."

"ரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்திருக்கேன். தெரிஞ்சா வேலை மட்டும் போகாது, உள்ள தூக்கி வெச்சிடுவாங்க."

"சரி. உங்க தம்பிகிட்ட அதையே சொல்லுங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

இரண்டு நாளாக இதற்கு ஒரு பதில் தேடுகிறேன். பதில் எழுதுவதுதான் என் பிழைப்பு.

பிப்ரவரி 19

நாடாளுமன்றக் கட்டடத்தில் கோப்பு கொடுக்கப் போனேன். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே டாக்டரம்மா, தனியாக.

"எந்த டிபார்ட்மென்ட்?" என்றார்.

"பாதுகாப்புங்க."

"ஓ. அப்போ நான்தான் பேசணும்." சிரித்தார். "எந்த மாடி?"

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம். நவம்பரில் ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள் — அவ்வளவுதான். வாய் திறந்தது.

"கீழேங்க" என்றேன்.

கீழே போனோம். நான் போக வேண்டியது நான்காவது மாடி.

கோழை. வேற என்னன்னு சொல்றது. கோழை.

பிப்ரவரி 24

தினமும் ஒத்திகை. செயலாளர் மற்ற பதில்களை எல்லாம் தண்ணீர் மாதிரி சொல்கிறார். அந்த ஒன்றில் மட்டும் "செவித்திறன்" என்ற இடத்தில் தடுக்கிறது. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. கண்ணாடியை இறக்கி, "பசங்க எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்று தொடங்கி, அவருக்குத் தடுக்காத வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இன்று மாலை நான் இரண்டாவது கேள்வியைக் கேட்கும் முன்பே பதிலை ஆரம்பித்துவிட்டார்.

"கேள்வி முடியட்டும் சார்" என்றேன்.

"அதான் தெரியுமே, மேல போங்க."

காரில் போகும்போதும் சொல்லிப் பார்க்கிறாராம். அவருடைய டிரைவருக்கே இப்போது மனப்பாடம். துறையில் வெளிப்படையாக இருக்கும் ஒரே ஆள் அந்த டிரைவர்தான் போலிருக்கிறது: இன்று வண்டி துடைத்துக்கொண்டே எனக்கு முழுதாக ஒப்பித்துக் காட்டினார்.

பிப்ரவரி 26

நாளை.

பிப்ரவரி 27

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பத்தரைக்குத் தொடங்கியது. நான் செயலாளருக்குப் பின்னால், சுவரோரம். மற்ற உறுப்பினர்கள் டயர் எங்கே செய்தது, பெயிண்ட் ஏன் மங்கல் என்று கேட்டார்கள். டாக்டரம்மா உதிரிபாகம் பற்றிக் கேட்டார். எரிபொருள் பற்றிக் கேட்டார். பக்கத்தில் வந்தார், விலகிப் போனார். வண்டி எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்டாரே தவிர, அந்த வண்டியை எத்தனை பேரால் தாங்க முடியும் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு முறை அவர் வாயைத் திறக்கும்போதும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: கேளுங்கம்மா, கேளுங்க.

கேட்கவில்லை. குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். காகிதங்களைத் தட்டி அடுக்கினார்கள். செயலாளரின் தோள் ஓரங்குலம் இறங்கியது. முடிந்தது என்று நினைத்தேன். தம்பி மார்ச் பத்தாம் தேதி ஏறிவிடுவான்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, ஒரு மரியாதைக்கு, விடைபெறுகிற மாதிரி, "அப்புறம்? பசங்க எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்றார்.

செயலாளர் புன்னகைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "படையினரின் செவித்திறனைக் கருத்தில் கொண்டு, முன்னெச்சரிக்கையாக மட்டுமே, நவம்பரில் சோதனை ஓட்டம்..."

கடைசிச் சொல் வரை சொன்னார். எங்கேயும் தடுக்கவில்லை. அவ்வளவு நன்றாக அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

டாக்டரம்மா பெட்டியைத் திறந்து கண்ணாடியைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நிறுத்தினீங்களா?" என்றார், ரொம்ப மெதுவாக. "எதுக்கு?"

தலைவர் மதிய உணவை ஒத்திவைத்தார்.

பிப்ரவரி 28

செயலாளர் கூப்பிட்டார். அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"நான் எப்படிய்யா அதைச் சொன்னேன்?"

"பிசிறு இல்லாம சொன்னீங்க சார்."

"அதைத்தான் கேக்குறேன்." "அந்தப் 'பசங்க'ளை ஒவ்வொரு தடவையும் சேர்த்தது நீங்கதானே?"

"அந்தம்மா அப்படித்தான் கேப்பாங்க சார். தத்ரூபமா இருக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க."

உண்மை. கேட்டதற்கு மட்டும் பதில். அவர் கேட்காத ஒன்று இருக்கிறது. அதை நானும் என்னிடம் கேட்டுப் பார்க்கிறேன். தெரிந்துதான் செய்தேனா? சத்தியமாத் தெரியல.

மார்ச் 3

என்னைச் சீருடைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பொத்தான்கள். நாடாளுமன்றம் பொத்தான்களைப் பற்றி இதுவரை கவலைப்பட்டதில்லை.

மார்ச் 8

குழுவின் பரிந்துரைப்படி உத்தரவு வந்துவிட்டது: இரைச்சல் ஆய்வு முடியும்வரை வண்டிகள் எதுவும் ஓடக்கூடாது, உள்ளே வேலை செய்த அத்தனை பேருக்கும் காது பரிசோதனை. துறை விடுத்த அறிக்கை, இந்த முடிவைத் துறையே விரும்பி எடுத்தது போல இருந்தது. நல்ல நடை. என் இடத்துக்கு வந்தவர் தேறிவிடுவார்.

மார்ச் 23

தம்பி வந்திருந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. வண்டியிலிருந்து இறக்கிக் கிடங்கில் போட்டுவிட்டார்களாம்.

"எவனோ ஒரு பெரிய ஆபீசர், கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லி வெச்சிருக்கான். வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க வேண்டியதுதானே? அவன் உளறினதுக்கு நான் ஸ்பேனர் எண்ணிக்கிட்டு இருக்கேன். உங்க ஆளுதானே அவன்? யாரு எழுதிக் குடுத்தது?"

மனைவி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்போ நான் பொத்தான் பிரிவுடா" என்றேன்.

"என்னது?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், பெரிய விஷயமில்லை என்பது போல: வலது காது அனேகமாகப் போய்விட்டது. இடது காது பிழைத்துக்கொண்டது. இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

நான் எழுந்து, என் தட்டை எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி வந்து அவனுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தேன்.