ஒரே பேர், இரண்டு விலை

5-2-2007, திங்கள்

காலையில் நல்ல பனி. எட்டு மணிக்குத்தான் எதிர் வீடு தெரிந்தது.

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருப்பதை இந்த நோட்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு நேராகத்தான் போட்டிருக்கிறார்கள், என் கைதான் ஏறி இறங்குகிறது. ‘ழ’ ஒன்று போட்டு முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. தினமும் கொஞ்சம் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்று முதியோர் கல்வி மையத்து டீச்சர் சொல்லியிருக்கிறார். காட்ட மாட்டேன். இந்த வயதில் ரகசியம் வைத்துக்கொள்ள எனக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

ரேஷனில் சர்க்கரை இல்லையாம். பக்கத்திலேயே பெண்ணாடத்தில் ஆலை ஓடுகிறது, என் மருமகனே அங்கேதான் வேலை செய்கிறான். இல்லை என்றால் யார் நம்புவது?

மத்தியானம் வசந்தியின் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. வசந்தி என் மகள். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டு சேர்த்து, சிடி போட்டுக் கொடுக்கிறாள். திரை கறுப்பு, உள்ளிருந்து கருகிய வாசனை. படம் தெரிவதற்கென்று உள்ளே ஒரு தகடு இருக்கிறதாம், கிராபிக்ஸ் கார்டு. அது போய்விட்டது.

நல்லூர்க் கல்யாணம் பாதியில் நிற்கிறது. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூருக்குப் புறப்படுகிறார், சனிக்கிழமைக்குள் சிடி வேண்டும். வேறு ஸ்டூடியோவின் பேரில் இல்லாமல் அவள் தன் பேரிலேயே பிடித்த முதல் பெரிய கல்யாணம். இது கெட்டால் அந்தப் பக்கத்திலிருந்து இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கார்டு என் செலவு என்று சொல்லிவிட்டேன்.

6-2-2007, செவ்வாய்

ஜங்ஷன் ரோட்டில் சலீம் பாய் கடை. நானும் வசந்தியும். பழைய கார்டைக் கையில் வாங்கி ஒரு பார்வைதான் பார்த்தார். உள்ளே போய் ஒரு டப்பா எடுத்து வந்தார். நாலாயிரத்து நூறு.

“இதே கார்டு நெய்வேலியில ரெண்டாயிரத்து அறுநூறுன்னு சொல்றாங்களே பாய்?” வசந்தி கேட்டாள். போனில் விசாரித்து வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி.

“அந்த வெலைக்கும் இருக்குது தங்கச்சி. என்கிட்டயே இருக்குது, பாரு.” இன்னொரு டப்பாவையும் எடுத்து வைத்தார். “ஆனா அது புது பொட்டிக்கு. உன்னுது பழைய பொட்டி, அதுல சொருவுற எடமே வேற. உனக்கு இதுதான். இந்த மாதிரி இப்ப வர்றது கொறைஞ்சு போச்சு, அதான் வெலை. கடைசி பீஸு. ஸ்ரீமுஷ்ணத்துக்காரரு ஒருத்தரு வேற கேட்டுட்டுப் போயிருக்காரு.”

கடைசி பீஸாம். ஸ்ரீமுஷ்ணத்துக்காரராம். எந்தக் கடைக்குப் போனாலும் இந்த ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் நமக்கு முன்னால் வந்துவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே படம், அதே காற்றாடி. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, ஆனால் எழுத்தோடு எழுத்தை வைத்து ஒப்பிடத் தெரியும். பேர் ஒன்றே. 256 இதிலும் உண்டு, அதிலும் உண்டு. மூலையில் சின்னதாக ஒரு கட்டம், அதற்குள் இருக்கிற எழுத்து மட்டும் வேறு.

எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் பீங்கான் கம்பெனியில் தரம் பிரித்தவன். ஒரே அச்சு, ஒரே சூளை, ஒரே கோப்பை. மெருகில் ஒரு புள்ளி விழுந்தால் அடியில் குறி போட்டு செகண்ட்ஸ் பக்கம் தள்ளுவோம், பாதி விலைக்குப் போகும். அதில் ஊற்றிய டீ என்ன கசக்கவா செய்கிறது? இந்த ஊரில் கம்பெனிக்காரன் வீட்டில் ஃபர்ஸ்ட்ஸ் கோப்பை யாராவது பார்த்ததுண்டா? அதெல்லாம் வெளியூர்க்காரன் வாங்குவது.

மூலைக் கட்டம்தான் செகண்ட்ஸ் குறி. பாய் அதைச் சொல்லாமல் சொருவுகிற இடம் என்கிறார்.

இரண்டாயிரத்து அறுநூறு கார்டை அவரிடமே வாங்கலாம்தான். ஆனால் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னவரிடம் வாங்க மனமில்லை.

“சந்தேகமா இருந்தா இந்தப் பழைய கார்டை எடுத்துட்டுப் போயி எந்தக் கடையில வேணா காட்டுங்க பெரியவரே” என்றார். இவ்வளவு தைரியமாகச் சொல்கிறார் என்றால் அதிலும் ஏதோ இருக்கிறது.

7-2-2007, புதன்

நெய்வேலிக்குத் தனியாகவே போனேன். வசந்தி வேண்டாம் என்றாள். “பாய் சொல்றது சரின்னுதான்ப்பா எனக்குப் படுது.” காசு என்னுடையது என்றேன். உள்ளே போய்விட்டாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

பஸ் போர்டைப் படித்து ஏறினேன். யாரையும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆள், “இது நெய்வேலி போவுதுங்களா?” என்று என்னைக் கேட்டார். என்னை! போகும் என்றேன். நாள் முழுக்க அது ஒன்றே போதும்.

பழைய கார்டை வேண்டுமென்றே எடுத்துப் போகவில்லை. கெட்டுப்போனதிலும் ஏதாவது நல்ல சாமான் மிச்சம் இருக்கும், பார்க்கிறேன் என்று உள்ளே கொண்டுபோய்க் கழற்றிக்கொள்வார்கள்.

கடைக்காரர் கண்ணாடி போட்டவர், மரியாதையானவர். அதிக மரியாதை.

“பழசு கொண்டாந்தீங்களாய்யா?”

“இல்ல.”

“உங்க சிஸ்டம் புதுசா, பழசுங்களா?”

பழசு என்றால் பழைய சரக்கை நம் தலையில் கட்டுவார்கள்.

“புதுசுதான். போன வருஷம் வாங்குனது.”

“அப்ப கவலையே இல்ல” என்று எடுத்துக் கொடுத்தார். மூலைக் கட்டத்தைப் பார்த்தேன், பாய் கடையில் குறைந்த விலை டப்பாவில் இருந்த அதே எழுத்து. செகண்ட்ஸ்தான். மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சுவரில் தமிழில் ஒரு பலகை: சீல் பிரித்த பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. ஒரு எழுத்துகூடத் திக்காமல் படித்தேன். பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. காலையில் மாட்டலாம் என்றாள் வசந்தி. முகத்தில் கோபம் இல்லை. அது ஏன் என்று தெரியவில்லை.

8-2-2007, வியாழன்

போகவில்லை. கார்டு உள்ளே போகவில்லை.

வசந்தி சீலைப் பிரித்து, எடுத்து, பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அடியில் தங்க நிறத்தில் பல் மாதிரி ஒரு வரிசை. பழைய கார்டில் பள்ளம் ஓர் இடத்தில், இதில் வேறோர் இடத்தில். நான் கொஞ்சம் அழுத்தச் சொன்னேன்.

“ஒடைஞ்சு போவும்ப்பா. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

வெளியே இருந்தேன். சுவர்ப் பலகை ஞாபகம் வந்தது. நேற்று அதைப் படித்தேன், இன்றைக்குத்தான் புரிந்தது.

புதுசு என்று நான் சொன்னதை வசந்தியிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், போதும்.

நல்லூரிலிருந்து போன். பெண்ணின் அப்பா. அவள், “முடிஞ்சிடும்ங்க, சனிக்கிழமை சாயந்தரம் வாங்க” என்கிறாள். பெட்டி திறந்து கிடக்கிறது, திரை கறுப்பு. எந்தத் தைரியத்தில் சொல்கிறாள்?

கார்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பாய் கடைக்கு நடந்தேன். பாதி வழியில் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஞாபகம். அப்புறம் வேகமாக நடந்தேன்.

“வாங்க பெரியவரே! நெய்வேலியில மழையா?”

அவருக்கு எப்படித் தெரியும்?

“அந்தக் கார்டு இருக்குதா பாய்?”

“எந்தக் கார்டு? நான் பொய் சொல்லி விக்கப் பாத்தனே, அதுவா?”

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது.

பாய் என் பையிலிருந்ததை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்ல கார்டு. புது பொட்டி ஒண்ணு அசெம்பிள் பண்ணிட்டிருக்கேன், அதுல போட்டுக்கறேன். மேல ஆயிரத்தைந்நூறு குடுங்க, கணக்கு தீந்துது.”

“சீல் பிரிச்சிருக்குதே?”

“பரவால்ல.”

“செகண்ட்ஸ் இல்லையே?”

“பெரியவரே, இதுல செகண்ட்ஸே கெடையாது. மொதல்ல ஒக்காந்து டீ குடிங்க.”

டீ குடித்தேன். ஆனாலும் இவ்வளவு நல்லவராக இருப்பது சரியில்லை. வந்து மாட்டி, எரியவிட்டுக் காட்டினால்தான் காசு என்றேன். வண்டியில் என்னையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். மாட்டினார். திரை எரிந்தது. நல்லூர்ப் பெண் மாலையும் கழுத்துமாகத் தலை குனிந்து நின்றாள். வசந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வியர்வையைத் துடைக்கிற மாதிரி.

10-2-2007, சனி

நேற்று எழுதவில்லை. வசந்தி வேலை செய்தாள், நான் சமைத்தேன். சாம்பாரில் உப்பு அதிகம். அவளுக்கு அது தெரியக்கூட இல்லை.

சாயந்தரம் நல்லூர்க்காரர்கள் வந்தார்கள். பெண், மாப்பிள்ளை, பெண்ணின் அப்பா. முழுசும் உட்கார்ந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கிற இடம் வந்ததும் பெண், “அக்கா, இன்னொரு தடவ போடுங்க” என்றாள். மூன்று தடவை போட்டாள் வசந்தி. சித்திரையில் சொந்தத்தில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது, அதுவும் நீதான் என்று சொல்லிவிட்டுப் போனார் பெண்ணின் அப்பா.

அவர்கள் போன பிறகு கேட்டேன். “அந்த பாய் ஏன் அதை விக்காம வச்சிருந்தாரு? எனக்கு அதுல சந்தேகமாவே இருக்குது.”

சிரித்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு இன்றுதான் சிரிக்கிறாள்.

“நீங்க நெய்வேலி பஸ் ஏறுன ஒடனே நான் போன் பண்ணிட்டேன்ப்பா. வெள்ளிக்கிழமை வரைக்கும் அதை யாருக்கும் குடுத்துடாதீங்க, எங்கப்பா எதையாவது வாங்கியாருவாருன்னு.”

“அப்ப அந்த பாய் நெய்வேலி கார்டை எடுத்துக்கிட்டது?”

“அதையும் சேத்துத்தான் பேசி வச்சேன்.”

ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் உண்மையாகவே இருக்கிறாராம். புதன்கிழமை மத்தியானம் மறுபடி வந்து, கார்டு இல்லை என்று திரும்பிப் போனாராம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊரெல்லாம் நம்மை ஏமாற்றப் பார்க்கிறது என்று நான் சுற்றிச் சுற்றிக் காவல் காத்தேன். இவள் வீட்டில் இருந்தபடி என்னைக் காவல் காத்திருக்கிறாள். என் மகள்தான், சந்தேகமே இல்லை.

ஆனால் இது ஒன்றோடு நின்றிருக்காது. எனக்குத் தெரியாமல் இவள் இன்னும் என்னென்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாளோ. இனிமேல்தான் கவனிக்க வேண்டும். கண்டுபிடித்ததை வருகிற சனிக்கிழமை இதிலேயே எழுதி வைக்கிறேன்.