நேர்ந்துவிட்ட சேவலின் கழுத்து இறகு

அண்ணா,

இன்று காலை பட்டன் டப்பாவில் கையை விட்டு ஜாக்கெட் கொக்கி தேடிக்கொண்டிருந்தேன். கொக்கிக்குப் பதிலாகத் தூண்டில் முள் ஒன்று விரலில் ஏறிவிட்டது. எடுத்துப் பார்த்தால் நான் கட்டிய முள்தான். இறகைப் பூச்சி அரித்துவிட்டது, நூல் மட்டும் இறுக்கமாக நிற்கிறது. என் கட்டு அவிழாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவீர்களே, அது உண்மைதான். விரலைச் சப்பிக்கொண்டே உங்களை நாலு திட்டு திட்டினேன். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இன்னும் என்னிடம் திட்டு வாங்காமல் இருக்க உங்களால் முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீங்கள் மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பார்சல் கிளார்க்காக மாற்றலாகி வந்தீர்கள். அதற்கு முன் ஊட்டி மலை ரயிலில் வேலை. அதே ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த என் வீட்டுக்காரர், "மலையிலிருந்து ஒரு கிறுக்கரு வந்திருக்காரு" என்றுதான் உங்களைப் பற்றி முதலில் சொன்னார். சொன்னதில் தப்பில்லை. எஸ்டேட் அதிகாரி ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பழைய மூங்கில் தூண்டிலோடு, டூட்டி முடிந்ததும் கூட்ஸ் யார்டில் நிற்பீர்கள். அங்கே சொட்டுத் தண்ணீர் கிடையாது. இருபதடி தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து, இறகு கட்டிய நூலை முன்னும் பின்னும் வீசி, தட்டில் சத்தமில்லாமல் இறக்கப் பார்ப்பீர்கள். பாசஞ்சர் வண்டி வந்து நின்றால் ஜன்னலெல்லாம் தலையாக இருக்கும். "என்னங்க சார், தட்டுல என்ன மீனு?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இன்னும் பொரிக்கலீங்க" என்றீர்களாம்.

எல்லாம் கார்த்திகைக்காக. ஐப்பசி மழை ஓய்ந்து ஓடைகள் தெளியும்போது நான்கு நாள் லீவு போட்டு, ரயில்வே பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு, ஊட்டியைத் தாண்டி அவலாஞ்சிப் பக்கம் டிரவுட் மீன் பிடிக்கப் போவீர்கள். அந்த மீன் குளிர்ந்த தண்ணீரில்தான் வாழும், மேலே விழுகிற பூச்சியைத் தாவிப் பிடிக்கும் என்று எனக்குப் பாடம் நடத்தினீர்கள். அதனால் முள்ளில் சேவல் இறகைச் சுற்றிப் பூச்சி மாதிரி கட்ட வேண்டும். மூட்டை தூக்கிய உங்கள் விரல்களுக்கு அது வரவில்லை. தையல்காரி நான் இருக்க வேறு யார் கட்டுவது? மெஷின் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, "மீன ஏமாத்த வேணாம் தங்கச்சி. ஒரு நிமிசம் நம்ப வெச்சாப் போதும்" என்பீர்கள்.

ஒரு வருஷம் மட்டும் நான் எதையும் நம்புகிற நிலையில் இல்லை. அதற்கு முன் இரண்டு கரு கலைந்திருந்தது. இரண்டும் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. மூன்றாவது கருவுக்குக் கார்த்திகையில் ஐந்தாம் மாதம் தொடங்கியது. பிள்ளை நல்லபடியாக வந்தால் உனக்கு என்று முனியப்பனுக்கு ஒரு சேவலை நேர்ந்து விட்டிருந்தேன். நேர்ந்துவிட்ட சேவல் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று அதற்குத் தனிக் கூடை, தனித் தீனி. எனக்கோ ஜாக்கெட் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டியது. பக்கத் தையலைப் பிரித்துவிட்டால் ஐந்து நிமிஷ வேலை. முன்பு இரண்டு தடவையும் பிரித்த மறு வாரமே எல்லாம் போயிருந்தது. ஊருக்கெல்லாம் தைக்கிறவள், என் தையலில் கத்தரி வைக்கப் பயந்துகொண்டு, கொக்கி தெறிக்கத் தெறிக்க அதையே போட்டுக்கொண்டு திரிந்தேன்.

நீங்கள் மலைக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஐந்தாறு சிவப்பு இறகுகளைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். அப்படி ஒரு பளபளப்பு. "எங்கண்ணா கெடச்சுது?" என்று கேட்டேன். நீங்கள் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் உங்களை டீ குடிக்க இழுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் மனம் வைத்து மூன்று முள் கட்டினேன். மறுநாள் காலை கூடையைத் திறந்தால், சேவலின் கழுத்தில் கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் தெரிகிறது.

நீங்கள் பிடுங்கியிருக்கிறீர்கள், அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். நேர்ந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கு நன்றாகத் தெரியும். "நாலு எறகுதான. சாமி என்ன, எண்ணியா பாக்கப் போறாரு" என்றார். அதற்கு அவர் வாங்கிக்கட்டிக்கொண்டதை இங்கே எழுதவில்லை. உங்களிடம் கேட்டதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. "உங்க மாதா கோயில்ல போயி இப்பிடிப் புடுங்குவீங்களா? எங்க சாமின்னா எளப்பமா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீங்கள் கோபப்படவில்லை. "சேவல எடுத்துக்க தங்கச்சி. உங்க சாமிகிட்ட நானே வந்து சொல்றேன்" என்றீர்கள்.

கழுத்தில் ஜெபமாலையோடு முனியப்பன் முன்னால் கைகட்டி நின்று, "தெரியாமப் பண்ணிட்டனுங்க. தண்டனைய எனக்குக் குடுங்க, இந்தப் புள்ளைக்கு வேணாம்" என்று மேலதிகாரியிடம் மெமோவுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னீர்கள். பூசாரி சேவலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொளைக்கற எறகுக்கு எதுக்கும்மா அழுவற? நீ பெத்துக்கிட்டு வர்றதுக்குள்ள மொளச்சிரும், அப்பக் கொண்டா" என்றார். சாமிக்கு அதோடு சமாதானம் ஆகியிருக்கலாம். எனக்கு ஆகவில்லை. அன்றிலிருந்து வயிற்றில் ஒரு சின்ன வலி வந்தாலும் அந்தக் கழுத்துதான் கண்முன்னால் வந்தது.

நீங்கள் லீவை ரத்து செய்துவிட்டுத் தூண்டிலை உறையில் போட்டுவிட்டீர்கள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. வருஷம் முழுக்கத் தட்டில் தூண்டில் போட்ட மனுஷன் அல்லவா. கூப்பிட்டு அனுப்பி, "கட்டுனது கட்டுனதுதான், போயிட்டு வாங்க. ஆனா இந்த எறகுல மாட்டற மீனு உசுரோட திரும்பிப் போவணும்" என்றேன். கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரரையும் உங்களோடு அனுப்பினேன். துணைக்கு அம்மா வந்து இருந்தாள்.

நான்கு நாள் கழித்து ஒரு சாயங்காலம் இருவரும் வந்தீர்கள். "முழங்கை நீளம். கையில வந்தத வுட்டுட்டாரு" என்று அவர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். இரண்டு நாள் ஒன்றும் மாட்டவில்லையாம். மூன்றாம் நாள் கிளம்புகிற நேரத்தில் ஒன்று. வயிறு நிறைய முட்டை. முள்ளை எடுத்துத் தண்ணீரில் விட்டால் அது நீந்தாமல் சாய்ந்துவிட்டதாம். எப்படியும் செத்ததுதான், கொண்டுபோகலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்ல, நீங்கள் முழங்கால் வரை ஓடைக்குள் இறங்கிவிட்டீர்களாம்.

"தண்ணி செவுளுக்குள்ள போவணும் தங்கச்சி" என்று உள்ளங்கைகளைச் சேர்த்துக் காட்டினீர்கள். "தலைய எதிர்த்தண்ணிக்குத் திருப்பி, புடிச்சும் புடிக்காம வெச்சிருந்தேன்."

"எத்தன நேரம்?"

"பாக்கல. அது போற வரைக்கும். வாலு மெதுவா ஆடுச்சு. அப்பறம் கைய வுட்டுப் போயிருச்சு, முட்டையோட."

"இவரு காலு மரத்துப் போயி, நான்தான் தூக்கிக் கரையேத்துனேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

உனக்கும் நல்லபடியாக ஆகும் என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்கவும் மாட்டேன். காபியைக் குடித்துவிட்டு, நொண்டிக்கொண்டே போனீர்கள். நீங்கள் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு, ஜாக்கெட்டைக் கழற்றி, இரண்டு பக்கத் தையலையும் பிரித்தேன். உள்ளே இருந்த இரண்டு விரல் துணியையும் மிச்சமில்லாமல் வெளியே விட்டுத் தைத்துப் போட்டுக்கொண்டேன். பல வாரங்களுக்குப் பிறகு முழு மூச்சு விட்டேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும்.

சித்திரையில் மகள் பிறந்தாள். முனியப்பன் கடனும் தீர்ந்தது, கறிச்சோற்றில் முதல் இலை உங்களுக்குத்தான் போட்டேன். ஆனால் தெருவே கேட்கச் சொன்ன அந்தச் சொல்லை நான் திரும்ப வாங்கவில்லை. பிள்ளை வந்த சந்தோஷத்தில் மறந்தவள் போல இருந்துவிட்டேன். நீங்களும் ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. இப்போது வாங்கிக்கொள்கிறேன், அண்ணா. தாமதம்தான்.

இன்றும் முழுகாமல் இருக்கிற பெண்கள் தைக்க வருகிறார்கள். சிலர் துணியைக் கொடுக்கும்போதே குரலைத் தாழ்த்தி, "இப்பவே லூசா வேணாங்க்கா, நிக்குமோ என்னமோ" என்பார்கள். பயப்படாதே என்று நான் சொல்வதில்லை. கேட்ட அளவுக்கே தைத்துவிட்டு, உள்ளே மட்டும் மூன்று விரல் துணி விடுகிறேன். "அடுத்த மாசம் வா, பிரிச்சுத் தர்றேன்" என்கிறேன். பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள். வராதவர்களுக்கு அந்தத் துணி உள்ளேயே இருக்கிறது, அடுத்த தடவைக்கு.