டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல்

மச்சான்,

இன்று காலை அப்புத்தளை பெட்ரோல் செட்டில் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பம்ப் பிடிக்கிறவர் ஊருக்குப் புதுசு போல. "தொண்ணூத்திரண்டா, தொண்ணூத்தஞ்சா?" என்று கேட்டார். பம்பில் இருந்த அந்த இரண்டு எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற வேன்காரர் ஹார்ன் அடித்தார். பம்ப்காரர் மறுபடி கேட்டபோது, திறந்த டேங்கிலிருந்து அந்த வாசனை மேலே வந்தது. கண் எரிந்தது. பெட்ரோல் ஆவி பட்டுவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். நானும் அப்படியே காட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் கை மணக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

அப்புத்தளை ஏற்றத்துக்குக் கீழே, பெரகலைச் சந்தியில் நம் இரண்டு ஆட்டோவும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். என் தங்கச்சி ஸ்டெல்லாவை நீ கட்டுவதற்கு முன்னாலேயே நீ எனக்கு மச்சான். கட்டிய பிறகு உறவுமுறையும் அப்படியே அமைந்துபோனது. "நல்லவேளை, கூப்பிடுற பேரை மாத்த வேண்டிய வேலை இல்ல" என்று கல்யாணத்தன்றே சொல்லிச் சிரித்தாய். கோவில் வாசலில் நின்ற ஃபாதருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஸ்டாண்டில் நாள் முழுக்க ஒரே பேச்சு, தொண்ணூத்திரண்டு ஒக்டேன் பெட்ரோல் அடிப்பதா, விலை கூடின தொண்ணூத்தைந்தா என்று. தொண்ணூத்தைந்து அடித்தால் ஏற்றத்தில் வண்டி இழுக்கும், கிலோமீட்டரும் கூடக் கிடைக்கும் என்று பாதிப் பேர். அதெல்லாம் கார்க்காரர்களுக்கு என்று மீதிப் பேர். நீ இரண்டு பக்கமும் சேரவில்லை. "ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாய். சொன்னதோடு விட்டாயா? டேங்கை வற்ற விட்டு, ஒரு தடவை இது, ஒரு தடவை அது என்று மாற்றி மாற்றி அடித்து, அதே பெரகலை–அப்புத்தளை ஏற்றத்தில் ஏறி இறங்கினாய். பாரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பின்சீட்டில் என்னை உட்கார வைத்தாய். சவாரிக்கு ஆள் வந்தால்கூட "இன்னிக்கு இல்லீங்க" என்று திருப்பி அனுப்பினாய். ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணே, இந்த மனுசன் என்னையக் கட்டுனாரா, டேங்கைக் கட்டுனாரா?"

கடைசியில் பார்த்தால், எது அடித்தாலும் ஓடியது ஒரே தூரம்தான். ஸ்டாண்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. "அப்புறம் எதுக்கு ரெண்டு பம்ப் வச்சிருக்கான்?" என்று சண்டைக்கு வந்தார்கள். நீ வண்டிப் படியில் உட்கார்ந்துகொண்டு, டீயை ஆற்றியபடி சொன்னாய்:

"ஒக்டேன்னா பெட்ரோலோட பலம்னு நினைக்கிறீங்க. பலம் இல்ல, பொறுமை. இன்ஜினுக்குள்ள போட்டு அழுத்தும்போது, நேரம் வர்றதுக்கு முன்னாடியே வெடிச்சுராம இருக்கிற பொறுமை. பெரிய இன்ஜின் ரொம்ப அழுத்தும், அதுக்குப் பொறுமை கூட வேணும். நம்ம வண்டி அவ்வளவு அழுத்தாது. தொண்ணூத்திரண்டே தாராளம்."

பண்டாரவளையில் வண்டிப் பாகங்கள் விற்கிற முஸ்லிம் கடைக்காரர் நானா இதைக் கேட்டுவிட்டு, "நீங்க ஓட்டோ ஓட வந்தீங்களா, டியூஷன் குடுக்க வந்தீங்களா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு கொஞ்ச நாள் உனக்கு 'டியூஷன் சேர்' என்றே பெயர்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் டயரில் காற்றைப் பார், காற்று ஃபில்டரைத் தட்டித் துடை, ஏற்றத்தில் கிளட்சை அரையும் குறையுமாகப் பிடிக்காதே. நீ சொன்னது இவ்வளவுதான். இதை யாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வாய். ஆனால் ஒரு விஷயத்துக்கு மட்டும் உனக்குக் கோபம் வரும். அப்புத்தளையிலிருந்து இறங்கும்போது சிலர் சாவியை மூடி இன்ஜினை நிறுத்திவிட்டு, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவார்கள். அப்படி வந்த ஒருத்தனை ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் பிடித்துக் கத்தினாய். "பிரேக்கை மட்டும் நம்பி இந்த இறக்கத்துல வர்றியா? கியர்ல வந்தா இன்ஜின் பிடிச்சுக்கிட்டு வரும். நியூட்ரல்ல எது பிடிக்கும்? சூடேறுன பிரேக்கா? மிச்சமாகுறது ஒரு மடக்குப் பெட்ரோலு. அதுக்கு உசுரக் குடுப்பியா?" அவன் முகம் கறுத்துப்போனது. நீ பிறகு அவனுக்கு வடை வாங்கிக்கொடுத்தாய்.

பிறகு அந்தத் தட்டுப்பாட்டு வருஷம் வந்தது. இதுவா அதுவா என்று அடித்துக்கொண்ட நாமெல்லாம், எது வந்தாலும் போதும் என்று ரோட்டோரம் வரிசையில் கிடந்தோம். சில வாரம் தொண்ணூத்தைந்து மட்டும் வரும், சில வாரம் எதுவுமே வராது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலைப் போத்தலில் ஒளித்து விற்றார்கள். உன்னிடமும் நீட்டினார்கள், நீ வாங்கவில்லை. சவாரியை நிறுத்திவிட்டு, டேங்கில் இருந்த கொஞ்சத்தை அப்படியே வைத்திருந்தாய். "தோட்டத்துல யாருக்காச்சும் திடீர்னு முடியாமப் போனா ஒரு வண்டி வேணும்ல" என்றாய். ஸ்டெல்லா தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நடந்துபோனாள், நீ சந்தைக்கு நடந்துபோனாய், வண்டி லயத்து வரிசை வீட்டுப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

அந்த நாளைப் பற்றி எழுதாமல் முடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். முடியவில்லை.

கீழ் லயத்து ரமேஷ் ஓடிவந்து, தன் பொண்டாட்டி செல்விக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்று உன் கதவைத் தட்டியிருக்கிறான். அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்களாம். நீ தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாய். நான் அப்போது அப்புத்தளை செட் வரிசையில் இருந்தேன். உன் வண்டி எங்களைக் கடந்து போனதைப் பார்த்தேன். செல்வி கம்பியை இறுகப் பிடித்திருந்தாள். நீ என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாய்.

அந்தப் பயணத்தை ரமேஷ் பிறகு எனக்குச் சொன்னான். அப்புத்தளை தாண்டியதும் தியத்தலாவை ஆஸ்பத்திரி வரைக்கும் பெரும்பாலும் இறக்கம்தானே. பெட்ரோல் எவ்வளவு அருமை என்று அவனுக்கும் தெரியும். "இன்ஜினை நிப்பாட்டிக்கலாமேண்ணே, மிச்சமாகுமே" என்று அவனே சொல்லியிருக்கிறான். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், "உம் பொண்டாட்டியையும் பிள்ளையையும் வச்சுக்கிட்டு உருட்டிப் பாக்கச் சொல்றியா? பேசாம வா" என்றாயாம். கடைசி வளைவு வரைக்கும் கியரிலேயே இறக்கினாயாம்.

மத்தியானத்துக்குப் பிறகு நீ திரும்பி வந்தாய். மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. வரிசையோரமாக வண்டியை நிறுத்தி, என் வண்டிக்குள் தலையை நீட்டினாய்.

"பொம்பளப் பிள்ள மச்சான். நல்லாக் கத்துது."

"செல்வி?"

"நல்லா இருக்கு. ரமேஷ் அங்கேயே நிக்கிறான்."

உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நீ ஒருநாளும் வாய் திறந்து பேசியதில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளையின் விரல் எவ்வளவு சின்னது என்று உன் சுண்டுவிரலைக் காட்டிக் காட்டிச் சொன்னாய்.

டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். வண்டியை லேசாக ஆட்டிச் சத்தத்தைக் காட்டினாய். "இன்னும் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"வரிசையில வண்டியை விடு மச்சான். நாளைக்கு வந்தாலும் வரும்ங்கிறாங்க. என்கூட இரு."

"இங்க வண்டி நின்னா அங்க தோட்டத்துல என்ன இருக்கு? ஸ்டெல்லாவும் தேடுவா."

"அப்ப பார்த்துப் போ. பனி இறங்குது."

"இங்கேருந்து இறக்கம்தானே" என்றாய். என் தோளைத் தட்டினாய். உன் சிவப்பு விளக்கு பனிக்குள் மங்கி மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் வெலிமடைக்குக் காலிப் பெட்டிகளோடு போன லொறிக்காரர் ஒருவர் வரிசைப் பக்கம் நிறுத்தி, கீழே வளைவில் ஒரு ஆட்டோ மோதிக் கிடக்கிறது, யாருடையது என்று தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். வண்டியின் நிறத்தைச் சொன்னார். எனக்கு மற்றது எதுவும் காதில் விழவில்லை. அவரே என்னை ஏற்றிக்கொண்டு லொறியைத் திருப்பினார்.

நீ பள்ளத்துப் பக்கம் போகவில்லை. மேட்டுப் பக்கமாக ஒடித்திருந்தாய். கல்லில் மோதி வண்டியின் முன்பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. உன்னை வெளியே எடுத்து ரோட்டோரம் படுக்க வைத்திருந்தார்கள், யாரோ தன் ஜாக்கெட்டைத் தலைக்குக் கீழே மடித்து வைத்திருந்தார்கள். கையைப் பிடித்தேன். சூடு இருந்தது. மூச்சு இல்லை. எத்தனை தடவை மச்சான் மச்சான் என்று கூப்பிட்டேன் என்று தெரியாது. என்னைத் தூக்கி நிறுத்தியபோதுதான் வண்டிக்குள் பார்த்தேன். சாவி மூடியிருந்தது. கியர் நியூட்ரலில் இருந்தது.

நீயா? அந்த இறக்கத்தில், அந்தப் பனியில், நீயா?

வண்டியைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது, முன்பக்கம்தான் நசுங்கியிருந்தது, பின்னால் டேங்கில் கீறல்கூட இல்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் இருந்தது. நீ ஆட்டிக் காட்டிய அதே சத்தம். செல்வியை வைத்துக்கொண்டு இறங்கும்போது ஒரு சொட்டைக்கூட நீ கணக்குப் பார்க்கவில்லை. தனியாக வரும்போது, உன்னை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்த நோயாளிக்காக மிச்சம் பிடித்திருக்கிறாய். அங்கேயே, அந்த உடைந்த வண்டிப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

உன்னைத் தோளில்தான் தூக்கிப் போனோம். மேட்டு லயத்திலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் ஆள் மாற்றி ஆள் தூக்கினோம். அன்று ஸ்டாண்டில் நீ திட்டிய அந்தப் பையன், நீ வடை வாங்கிக்கொடுத்தவன், ஒரு இடத்திலும் வேறு ஆளுக்கு விடவில்லை.

இனி எழுதுவது உனக்குத் தெரியாது. சில நாள் கழித்து, ஸ்டெல்லாவோடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும் ராக்கம்மா அக்காவின் புருஷனுக்கு நெஞ்சுவலி வந்தது. என் வண்டி காய்ந்து கிடந்தது. நான் என்ன செய்வது என்று வாசலில் நிற்கும்போது ஸ்டெல்லா ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உன் டேங்கிலிருந்து அவளே இறக்கி வைத்திருக்கிறாள். உன் சாவுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இதுக்காகத்தானே வச்சிருந்தாரு. ஊத்திக்கிட்டுப் போங்கண்ணே."

நான் கேனைச் சாய்த்து ஊற்றினேன். அவள் கேனின் அடியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் ராக்கம்மா அக்கா என் கையைப் பிடித்துக் கும்பிட்டார். கும்பிட வேண்டியது என்னை இல்லை என்று நினைத்துக்கொண்டு அவர் கையை இறக்கிவிட்டேன். நீ நினைத்தது நடந்துவிட்டது, மச்சான். நீ மிச்சம் பிடித்தது வீண்போகவில்லை. ஊரே அப்படித்தான் சொல்லித் தேற்றுகிறது. எனக்கு அதில் ஒரு ஆறுதலும் இல்லை. அந்தப் பெட்ரோல் எரிந்து தீர்ந்திருக்கலாம், நீ வீட்டுக்கு வந்திருக்கலாம் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. இதை ஸ்டெல்லாவிடம் நான் சொன்னதில்லை. அவளும் இதையேதான் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். உன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இப்போதும் மலைக்குப் போகிறாள். குளிருக்கு என்கிறாள்.

அன்று பிறந்த அந்தப் பிள்ளை வளர்ந்துவிட்டது. அப்புத்தளையில் நர்சரிக்குப் போகிறது. செல்வியும் அவளும் காலையில் என் வண்டியில்தான் வருவார்கள். வழியெல்லாம் ஓயாத பேச்சு. பஸ்ஸைப் பார்த்தால் பேச்சு, நாயைப் பார்த்தால் பேச்சு. செல்வியும் கூடவே பேசிக்கொண்டு வருவாள். ஆனால் அந்த வளைவு வரும்போது செல்வி மட்டும் நிறுத்திவிடுவாள். முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கல்லையே பார்ப்பாள். வளைவு தாண்டித்தான் மூச்சு விடுவாள்.

போன வாரம் பிள்ளை என் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டது: "மாமா, இந்த எடத்துல மட்டும் அம்மா ஏன் பேசமாட்டேங்குறாங்க?"

கண்ணாடியில் செல்வியைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்துவிட்டது. "வளைவுல மாமா கவனமா ஓட்டணும்லம்மா, அதான்" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிள்ளை நம்பவில்லை. ஒரு மாதிரியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தது. அடுத்த தடவையும் கேட்கும்.

அப்போது சொல்லிவிடுவேன். பிள்ளை பிறந்த அன்றைக்கு அதை முதலில் பார்த்தவர்களில் ஒருவர் என்று ஆரம்பிக்க வேண்டும். அதன் விரலைத் தன் சுண்டுவிரலோடு வைத்துப் பார்த்தவர் என்று சொல்ல வேண்டும். அதையெல்லாம் சொல்வதற்கு முதலில் உன் பெயரைச் சொல்ல வேண்டும். எனக்கு உன் பெயரைச் சொல்லிப் பழக்கமே இல்லை, மச்சான் என்றுதானே காலமெல்லாம் கூப்பிட்டேன். சொல்லப் பார்த்தால் பாதிப் பெயரோடு நின்று, பழக்கத்தில் மச்சான் என்றே முடித்துவிடுகிறேன். அந்தப் பிள்ளை முன்னால் அப்படி ஆகிவிடக்கூடாது. அதனால் அவர்களை இறக்கிவிட்டு, ஆள் இல்லாமல் திரும்பி வரும்போது, உன் பெயரைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.