இரண்டு கோல்கீப்பர்கள், ஒரு மாமியார்

12 மார்ச் 2007, திங்கள்

இன்றும் சண்டை. ரசத்தில் பருப்புத் தண்ணீர் போதவில்லையாம். ஆபீஸ் போகிற அவசரத்தில் என் கை பட்டு எண்ணெய் பாட்டில் மேடையிலிருந்து சரிந்தது. மாமியார் திரும்பிக்கூடப் பார்க்காமல் இடது கையால் அதைப் பிடித்து மேலே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்ந்தார். எழுபதுகளில் வங்காளப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பந்தை விடாத கை, பாட்டிலையா விடும்?

போன வாரம் அவரைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் எழுதினேன். என் புருஷன் கிரிதர் அதை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். அம்மாவும் பிள்ளையுமாக சோபாவுக்கு மேல் ஒட்டியிருக்கிறார்கள். கல்கத்தாவில், எங்கள் பவானிபூர் காய்கறிக்காரர் வரை சொல்லியாகிவிட்டது. என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது!

14 மார்ச்

பக்கத்தை நீக்கப் போகிறார்களாம். மேலே ஒரு பெட்டியில் எழுதியிருக்கிறது: 'இவர் குறிப்பிடத்தக்கவர் என்பதற்குச் சான்று போதாது. ஒரு வாரம் விவாதம் நடக்கும்.' ஆரம்பித்து வைத்தவருக்குப் பெயர்கூட இல்லை, வெறும் எண்கள். 'சாதாரண மாநில ஆட்டக்காரர்' என்று எழுதியிருக்கிறார்.

மாமியாரோடு நான் சண்டை போடலாம். நீ யார்?

15 மார்ச்

கிரிதரிடம் சொன்னேன். "விடேன், எவனோ என்னமோ எழுதிட்டுப் போறான்" என்கிறான். அவர் உன் அம்மாவா, என் அம்மாவா?

16 மார்ச்

பழைய பத்திரிகைச் செய்திகள் இரண்டைத் தேடிப் போட்டேன். 1976 அகில இந்திய இறுதி ஆட்டம்: 'வெங்கடராமன் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார்.' 1978 இறுதி ஆட்டம்: 'பார்த்தசாரதியைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை.' ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

எண்காரர் பதில் போட்டார்: 'இவர்கள் இரண்டு பேர். ஆளுக்கு ஓர் ஆட்டம். ஒருவருக்கும் தனிப் பக்கம் தேவையில்லை.' வேறு சிலரும் வரிசையாக வந்து, ஆமாம், நீக்கலாம் என்றார்கள்.

ஈசுவரா. வெங்கடராமன் மாமியாரின் அப்பா. பார்த்தசாரதி என் மாமனார், போர்ட் டிரஸ்ட் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரானவர். கல்யாணத்துக்கு முன் வெ. பாகீரதி, பின்னால் பா. பாகீரதி. இனிஷியலை விரித்து எழுதிக் கொடுத்ததைக் கல்கத்தா நிருபர்கள் குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆக, பேப்பர்படி மாமியார் ஆடவே இல்லை. அவருடைய அப்பாவும் ஆத்துக்காரரும்தான் மாற்றி மாற்றி மைதானத்தில் விழுந்து புரண்டிருக்கிறார்கள்.

விளக்கி எழுதினேன். 'இதற்கு அச்சில் ஆதாரம் உண்டா? நீங்கள் உறவினரா?'

பொய் சொல்ல வரவில்லை. மருமகள் என்று எழுதினேன்.

'அப்படியானால் உங்கள் சொல்லை ஏற்க முடியாது.'

17 மார்ச், சனி

கிரிதர் உளறிவிட்டான். மாமியார் கத்தவில்லை. சுவரில் இருந்த தாளைப் பிரித்து, மடித்து, பீரோவில் வைத்தார். "போறது போ, சாதனா. நான் என்ன அவ்வளவு பெரிய மனுஷியா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவராகவே சொன்னார்.

"ஒரு தடவை ஒருத்தன் எழுதினான். ஸ்போர்ட்ஸ் வாரப் பத்திரிகைக்காரன், பெங்காலி. கல்யாணத்துக்கு வந்து நன்னா சாப்பிட்டான். மடிசாரோட நிக்கறேன், கையில பந்தைக் குடுத்து போட்டோ பிடிச்சான்."

"அந்தப் பத்திரிகை எங்கேம்மா?"

"எங்க மாமியார் வெந்நீர் அடுப்புல போட்டுட்டா. நான் படிக்கக்கூட இல்லை."

"எந்த வருஷம்?"

"எழுபத்தேழு, தை மாசம். எதுக்குடி கேக்கறே?"

எதற்கா?

19 மார்ச்

கேஷுவல் லீவ் போட்டுவிட்டு நேஷனல் லைப்ரரி போனேன். அலிப்பூரில் என் ஆபீசுக்குப் போகிற பஸ்ஸிலிருந்து தினமும் பார்க்கிற கேட், உள்ளே நுழைந்ததில்லை. பைண்டு செய்த வாரப் பத்திரிகைகள், தூசி, தும்மல். என் பெங்காலி படிப்பு ஸ்கூலோடு சரி. விரல் வைத்துத்தான் படித்தேன்.

மதியத்துக்கு மேல் கிடைத்தது. ஒல்லியாக ஒரு பெண். மடிசார், மாலை, இடுப்பில் பந்து. ரசம் சரியில்லை என்று சொல்லப் போகிற அதே முகம்! கீழே நிருபர் எழுதியிருந்தார்: 'நேற்றுவரை வெங்கடராமன், இன்று முதல் பார்த்தசாரதி. இந்தத் தமிழர் வீடுகளில் கல்யாணமானால் அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் வந்துவிடுகிறது. கைகள் மாறவில்லை. எதிரணிகள் கவனிக்கவும்.'

அழுதுவிட்டேன். "கீ ஹோலோ, திதி?" என்ன ஆச்சு அக்கா என்று பக்கத்து நாற்காலிப் பெரியவர் கேட்டார். படத்தைக் காட்டி, என் மாமியார் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "பாஹ்" என்று மெச்சினார்.

அதையும் சேர்த்துப் போட்டேன். பத்திரிகை, தேதி, பக்க எண். இப்போது சொல்லட்டும்.

21 மார்ச்

பக்கம் இருக்கும்! எண்காரரே எழுதியிருக்கிறார்: 'என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். இரண்டு இறுதி ஆட்டங்கள், ஒரே கோல்கீப்பர்.' மனுஷன் பரவாயில்லை.

படத்தின் ஜெராக்ஸை மாமியாரிடம் கொடுத்தேன். நிருபர் எழுதியதை முதல் முறையாகப் படித்தார். திரும்பவும் படித்தார். "மாலை கோணலா இருக்கு பாரு" என்றார். தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சென்னையில் இருக்கும் தங்கை பட்டுவுக்கு போன் போட்டார். "என் மாட்டுப்பொண் ஜெயிச்சுட்டாடி" என்று சொன்னது சமையலறை வரை கேட்டது. கேட்காத மாதிரி பாத்திரம் தேய்த்தேன்.

22 மார்ச்

ரசம் நன்றாக இருந்ததாம்.

25 மார்ச், ஞாயிறு

ஒரு வேலை பாக்கி. பக்கத்தின் தலைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் போய், வெ. போடுவதா, பா. போடுவதா என்றேன்.

"பெனால்டி அடிச்சப்போ எங்கப்பா கோல்ல நின்னாரா?"

"இல்லை."

"உங்க மாமனார்?"

மாமனார் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நான் டிக்கெட் வாங்கிண்டு கேலரியில இருந்தேன்" என்றார்.

"அப்பறம் என்ன? பாகீரதின்னு போடு, போறும்."

அப்படியே போட்டேன்.

சாயங்காலம் பார்த்தால், சோபாவுக்கு மேல் புது பிரிண்ட். கிரிதர் வேலை. அடியில் மாமியார் தன் கையெழுத்தில், பேனாவை அழுத்தி ஒரு வரி சேர்த்திருக்கிறார்: எழுதியது, சாதனா. இனிஷியல் போடவில்லை.