பொய்ப் பெயரை அழித்த கைக்கடிகாரம்

1996 ஜூலை 8, திங்கள். பத்தமடை

பெருமதிப்பிற்குரிய நாட்குறிப்பிற்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று வாரங்களாகத் தங்கள் பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தமைக்குப் பொறுத்தருளும்படி வேண்டுகிறேன். காரணம் சோம்பல் அன்று; தங்கை ஆமினாவின் திருமணப் பேச்சு.

காலை முதல் காற்று. முற்றத்தில் உலர்த்திய பாய்க்கோரையின் மீது கல் ஏற்றி வைத்தேன். கன்னடியன் கால்வாயில் நீர் இருகரையும் தொட்டு ஓடுகிறது. அதில் ஊறப்போட்ட கோரைக் கட்டுகள் பத்திரம்.

பேச்சு முடிந்தது. மாப்பிள்ளை யூசுப், மேலப்பாளையம், ஜவுளிக்கடை. நிக்காஹ் ஆவணியில். வாப்பா மௌத்தான பிறகு வீட்டுக்குப் பெரியவர் மாமாதான். அவர் சபை நடுவே எழுந்து, "மாப்பிள்ளைக்கு அசல் சுவிஸ் வாட்சு! எங்க காசிம் துபாயில வாங்கி அனுப்பிட்டான்!" என்று முழங்கினார். காசிம் என் தம்பி. கடிகாரம் வந்து பெட்டியில் இருப்பது உண்மை. பொன் நிறம், கனம், முகவட்டத்தில் பெரிய கம்பெனியின் பெயர்.

செய்ய வேண்டியவை:
– சிவப்புச் சாயம் மறுபடி காய்ச்சுதல்.
– கல்யாணப் பாய்க்குத் தறியில் பாவு நூல் கட்டுதல். ஊரார் கல்யாணங்களுக்கெல்லாம் மணமக்கள் பெயரைப் பாயில் நெய்தவள், என் தங்கைக்கு இப்போதுதான்.
– அம்பாசமுத்திரம் சென்று கடிகாரச் சங்கிலியில் இரண்டு கண்ணி குறைத்தல்.

ஜூலை 10, புதன்

அம்பாசமுத்திரம். பேருந்தில் நின்றபடியே பயணம்.

கடிகாரக் கடை அண்ணாச்சி பின்மூடியைத் திறந்தார். கண்ணில் செருகிய லென்சை எடுக்காமலே சிரித்தார்.

"யம்மா, இத எங்கன வாங்கினிய?"

"துபாயில்."

"சரிதான். பேரு மட்டுந்தான் சுவிஸு, உசிரு வேற எங்கனயோ. சங்கிலியக் கொறச்சுத் தாரேன். மாப்பிள்ள சொந்தத்துல கடியாரக்காரன் எவனும் இல்லாமப் பாத்துக்கிடுங்க."

காது மடல் எரிந்தது. ஆயினும் கேட்டேன்: "அந்தப் பெயரை நீக்க இயலுமா?"

"அந்தப் பேருக்குத்தானம்மா ஊரே இத வாங்குது! அதையும் எடுத்துட்டா பொறவு என்னத்த இருக்கு?"

"ஓடுகிறதே."

"ஓடும், ஓடும். மெஷினு மோசமில்ல."

நீக்கித் தர மறுத்தார். எனக்குக் கற்றுக்கொள்ள ஓடாத பழைய கடிகாரம் ஒன்று கிடைக்குமா என வினவினேன். "யம்மா, நீங்க ரேடியோவுல நியூஸ் வாசிக்கியளா?" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தகர டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். அதன் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய அடையாளங்கள்.

"தொறந்தவன் எல்லாம் ஒரு கீறல் போட்டு வைப்பான். அடுத்து தொறக்கவன் திட்டுததுக்கு ஒரு ஆளு வேணும்லா?"

இச்செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஜூலை 11, வியாழன்

தொலைபேசிக் கடையில் காத்திருந்து காசிமிடம் பேசினேன். அவனுக்கு முன்பே தெரியுமாம்.

"இங்கன பாதிப் பேரு இதத்தான் கட்டிட்டு அலையுதான் லாத்தா. பேசாமக் குடுங்க. அங்கன யாரு தொறந்து பாக்கப் போறா?"

"நான் பார்த்தேன்."

கம்பியில் இரைச்சல். பிறகு அவன் அழுகிறானோ என ஐயம். பாலைவனத்தில் வெயில் சுமப்பவன். அவனிடம் கோபம் நிலைக்கவில்லை.

மாமாவிடம் கூறினேன். "ஏட்டி மைமூனு, ஒனக்கு புத்தி பெசகிட்டா? வாய மூடிட்டுக் குடு. வெளிய தெரிஞ்சா பேச்சு முறிஞ்சு போவும். ஒனக்கு நடந்தது மறந்துட்டா?"

மறக்கவில்லை. நடந்ததை இவரே நடத்தினார். என் திருமணப் பேச்சின்போது, நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்று சபையில் சொன்னார். நான் ஐந்து. நிக்காஹுக்கு முந்தின வாரம் உண்மை தெரிந்து மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. ஐந்து படித்தவள் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் வந்திருப்பார்களோ, அறியேன். பொய் சொன்ன வீடு என்று மட்டும் பெயர் நின்றது. அதன் பிறகு பொட்டலக் காகிதம், மதரசாவில் கழித்துப்போட்ட பாடநூல், வானொலிச் செய்தி இவற்றால் நானே கற்றுக்கொண்டதே இந்தத் தமிழ். இதைக் கேலி செய்கிறவர் செய்யட்டும்.

தீர்மானம்: அந்தப் பெயருடன் அந்தக் கடிகாரம் இவ்வீட்டு வாசலைத் தாண்டாது.

ஜூலை 13, சனி

காற்றில் தூசி. கடிகாரத்துக்குத் தூசி ஆகாது. எனவே கொசுவலையைக் கட்டி உள்ளே அமர்ந்தேன். கருவிகள்: கோரை கிழிக்கும் கத்தி, காலில் முள் எடுக்கும் இடுக்கி, தையல் ஊசி, வாப்பாவின் மூக்குக்கண்ணாடி.

ஆமினா எட்டிப் பார்த்தாள். "லாத்தா, பட்டப்பகல்ல கொசுவலைக்குள்ள... புதுப்பொண்ணு நானா, நீங்களா?"

ஓடாத கடிகாரத்தைக் கழற்றி மாட்டியதில் முதலில் நொடி முள் காணாமற்போனது. என் முந்தானையில் ஒட்டியிருந்தது. இரண்டாம் முறை சிறிய முள் வளைந்தது. மாலைக்குள் சரியாக வந்தது. கோரையைத் தலைமயிரின் அளவுக்குக் கிழிக்கத் தெரிந்த விரல்களுக்கு இது அப்படியொன்றும் அந்நியமான வேலை அன்று. மூச்சை அடக்க வேண்டும். அதுவும் பழக்கம்தான்.

நாளை மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

அழித்துவிட்டேன்.

ஆமினாவின் நகச்சாயம் நீக்கும் புட்டி. தீக்குச்சி நுனியில் பஞ்சு. முதலில் பழையதில் சோதனை, பின்பு இதில். பெரிய கம்பெனியின் பெயர் எழுத்து எழுத்தாகப் பஞ்சில் ஏறிக் கறுத்தது. உடன் வெள்ளைப் பூச்சும் தேமல்போல் உரிந்தது. அதை எதிர்பார்க்கவில்லை.

அசிங்கமாக இருக்கிறது. எனக்கு அச்சம் இல்லை. (சிறிது உண்டு.)

ஆமினா பார்த்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குன்னு வந்த பேச்சு லாத்தா. ஒங்க ரோசத்துக்கு என்னையப் பலி குடுத்துராதிய."

 சாயப்பானையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

உரிந்த இடத்தை மறைக்க வழி கண்டேன். நம்மிடம் இல்லாததா! பட்டுப்பாய் என்னும் ஆக மெல்லிய கோரை நெசவில், சிவப்பும் பச்சையும் கரையாக, ஒரு ரூபாய் நாணயம்போல் ஒரு வட்டம். ஒட்டி, முட்களை ஏற்றி, மூடினேன்.

உலகில் எவர் கையிலும் இல்லாத கடிகாரம். ஆமினாவிடம் காட்டினேன். "அழகாத்தான் இருக்கு," என்றாள் முகத்தைத் திருப்பியபடி.

ஜூலை 18, வியாழன்

தோல்வி. எழுதி வைக்கிறேன், ஒளிக்கவில்லை.

நேற்றே கண்ணாடிக்குள் மூடுபனி. இன்று காலை கடிகாரம் நின்றுவிட்டது. திறந்தேன். கோரை உப்பி, சிறிய முள்ளைக் கீழிருந்து பிடித்துக்கொண்டிருந்தது.

என் பிழை. நெய்யும்போது ஈரக்கையால் தடவித் தடவி நெய்வோம். ஈரம் இல்லையேல் கோரை முறியும். கை தன் பழக்கப்படி ஈரத்தோடு நெய்து, ஈரத்தோடே ஒட்டி, கண்ணாடியும் போட்டு அடைத்துவிட்டது. பத்தமடைக்காரி தவிர வேறு எவரும் இப்பிழையைச் செய்திருக்க மாட்டார்கள்.

முட்களைத் துடைத்து வெயிலில் காயவைத்தேன். செல் பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

மாலையில் மாமா. கொடியில் கொசுவலை, பாயில் திறந்து கிடந்த கடிகாரம். தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வந்த செய்தியைச் சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பனார் கடிகாரத்தின் கியாரண்டிச் சீட்டைக் கேட்டிருக்கிறாராம், பத்திரமாக வைத்துக்கொள்ள.

"பரவால்ல. ஜங்ஷன்ல தெரிஞ்ச பிரஸ்காரன் இருக்கான். சுவிஸ் கொடியெல்லாம் போட்டு அடிச்சுத் தருவான். நீ அந்தப் பேர மட்டும் திரும்ப எழுத வச்சிரு."

அடுப்படியிலிருந்து ஆமினாவின் குரல்: "அது வேறயா மாமா?"

"நீ உள்ள போளா!"

"உள்ளதான் இருக்கேன்."

ஜூலை 20, சனி

இரண்டாம் முயற்சி. நெய்த துண்டை இரண்டு நாள் வெயிலிலும் அடுப்பு மேட்டிலும் உலர்த்தினேன். இம்முறை முழு வட்டம் இல்லை. சிறிய முள் எட்டாத ஓரத்தில் மட்டும் வளையமாக வெட்டி ஒட்டினேன். நடுவில் மீதமிருந்த பூச்சையும் சுரண்டி எடுத்தேன். கீழே பித்தளை, மங்கிய பொன்போல். பெரிய முள் வளையத்துக்கு மேலே உரசாமல் ஓடுகிறது. பெயர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. என் பெயரை அங்கே இடலாமா என ஒரு கணம் ஆசை. இடவில்லை. அது மாப்பிள்ளையின் கைக்கு உரியது. பின்மூடியின் உட்புறத்தில் மட்டும் ஊசியால் 'மை' என்று கீறினேன். அடுத்துத் திறப்பவர் திட்டுவதற்கு ஆள் வேண்டும்.

ஜூலை 21, ஞாயிறு

ஓடுகிறது. பள்ளிவாசல் கடிகாரத்தோடு ஒத்துப்போகிறது.

மதியம் சாரல். நான் தறியில். ஆமினா எதிரே வந்து அமர்ந்து கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டாள். வெகுநேரம்.

"லாத்தா, இத அனுப்பிருங்க."

"மாப்பிள்ளைக்கா?"

"ஆமா. உள்ளத எழுதி அனுப்பிருங்க. அந்தப் பொய்ப்பேரோட கட்டினா, அவரு மணி பாக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு திக்குதிக்குங்கும். அப்படி எத்தன வருசம் பாக்க?"

"முறிந்தால்?"

"முறிஞ்சா... ஒங்ககூட கொசுவலைக்குள்ள வந்து உக்காந்துக்கிடுதேன்."

இருவரும் சிரித்தோம். அவள் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்.

ஜூலை 22, திங்கள்

மாமா வந்து கேட்டார். அனுப்பப் போகிறோம் என்றேன். "ரெண்டும் சேந்து குடும்பத்த சந்தி சிரிக்க வைக்கப் போறிய!" கதவை அறைந்து சென்றார். சந்தி ஏற்கெனவே ஒரு முறை என்னைப் பார்த்துச் சிரித்து முடித்தது. அதற்கு நான் பழகியவள்.

பதிவுத் தபால். உறையை ஆமினாவே ஒட்டினாள். கடிதத்தின் படியை இங்கே எழுதி வைக்கிறேன்:

மரியாதைக்குரிய யூசுப் அவர்களுக்கு, ஸலாம். இக்கடிகாரம் சுவிஸ் அன்று. எங்கள் வீட்டார் சபையில் சொன்னது பொய். பொய்ப்பெயரை அழித்து, எங்கள் கோரையை இட்டு, நானே திருத்தி அமைத்தேன். மெஷின் மோசமில்லை என்று கடிகாரக்காரர் சொன்னார். மழையில் நனைக்க வேண்டாம். கியாரண்டிச் சீட்டு கிடையாது. இதையெல்லாம் எழுதச் சொன்னவள் ஆமினா.

கல்யாணப் பாய் தறியில் இருக்கிறது. அவள் பெயரை நெய்து முடித்தேன். தங்கள் பெயருக்கு இடம் விட்டு, பாவு நூலை அவிழ்க்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். விரைந்து பதில் எழுதவும்.