குமிழியைக் காட்டிய இடம்

நைனா, இந்தத் தாளின் இரண்டு ஓரங்களிலும் வரிசையாக ஓட்டைகள். முன்பக்கம் முழுக்க எண்கள், நடுவே நட்சத்திரக் குறிகளால் ஆன ஒரு சரிவு. பின்பக்கத்தில் உனக்கு எழுதுகிறேன். அம்மா தூங்குகிறாள். விளக்குத் திரியை இறக்கி வைத்திருக்கிறேன்.

எண்ணெய் தேடி வந்தவர்கள் உன் படகை அமர்த்திய வருடம் கிடைத்த தாள் இது. சீட்டுக் குலுக்கி ஊர் நமக்கு வலை விட ஒதுக்கிய ஏரிப்பரப்பு, நம் பாடு, ஓரிடத்தில் குமிழியிட்டது. நீ எழுந்து நின்று, "கேஸு சார், கேஸு!" என்று கத்தினாய். படகிலிருந்த எண்ணெய்க் கம்பெனி சார் சிரித்துவிட்டார். "அடியில பாசி அழுகுதுண்ணே, அவ்ளோதான்."

பக்கத்துப் படகுகளுக்குக் கேட்டது உன் கத்தல் மட்டும். "பாட்டையே காட்டிக் குடுத்துட்டான்பா. நாளைக்கு இரும்புக் கோபுரம் நட்டு நம்மள வெரட்டப் போறானுங்க" என்றது ஊர். அடுத்த குலுக்கலில் உன் பெயருக்குச் சீட்டு எழுதவில்லை.

அதைக் கேள்விப்பட்டுத்தான் சார் இந்தத் தாளோடு வந்தார். ஆழத்தில் பிறந்த எண்ணெய் லட்சக்கணக்கான வருடங்களாக எந்தப் பாறை வழியாக நகர்ந்திருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்களாம். "கணக்குப்படி இங்க ஒண்ணும் தங்கலண்ணே. கெழக்க, கடலுக்கடியில போயிருக்கு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா வேல போயிடும்."

"இன்னா சார், நான் சொல்வனா?"

அவர் போனபின் எனக்குப் புரியவைத்தாய். இடக்கையைக் கவிழ்த்து, "இது மேல மூடியிருக்கிற களிப்பாறை" என்றாய். வலக்கை விரல் அதன் அடியில் ஊர்ந்து வந்தது. "கை நேரா கீதுன்னா எண்ணெய் அங்கயே நிக்கும். சாச்சுட்டேன் பாரு, நம்ம ஏரிக்கடியில இப்டித்தான், மேலாக்க நழுவிப் பூடும்."

ஊர் ஏசியபோதும், சாருக்குக் கொடுத்த வாக்குக்காக, நீ இதை வெளியே சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களிலும்கூட.

நாளை மறுபடி குலுக்கல். நம் பெயருக்கும் சீட்டு எழுதி அது விழுந்தால் மாமா நமக்காக வலை விடுவார். இல்லையென்றால் என் பள்ளிக்கூடம் நின்றுவிடும். அம்மாவோடு நானும் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கப் போகவேண்டும். "பொம்பள பேச்ச ஊர்க்கூட்டத்துல யாருடி கேப்பாங்க?" என்கிறாள் அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது.

தாளைக் காட்டமாட்டேன். சார் பெயரைச் சொல்லமாட்டேன். நீ சார் பெயரோடு, இங்கே எண்ணெய் இல்லை என்ற கணக்கையும் சேர்த்து மறைத்தாய்; அதை மட்டும் நான் சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

இப்போதே இரண்டு தடவை பழகிப் பார்த்தேன். நீ காட்டியதுபோல் இடக்கை சரியாகச் சாய்கிறது. யார் சொன்னது என்று கேட்பார்கள். "எங்க நைனா சொன்னாரு" என்பேன். அது பொய் இல்லையே.